ஓட்டுக்காகச் சொல்லாதீங்க, டாக்டரம்மா

கடந்த சட்டமன்றத் தேர்தல் சமயம். அரசு மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த நான், பூந்தமல்லிப் பக்கம் சுயேச்சையாக நின்றேன். கட்சியும் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஒரு குட்டி யானை வண்டி, மைக் செட், தெரிந்தவர்கள் சிலர். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இது?" என்றார் என் கணவர். இங்கே ஒரு நல்ல ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்க ஆள் வேண்டாமா என்றேன். அவ்வளவுதான் என் அரசியல்.

அன்று பிரசாரத்தின் கடைசி நாள். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில், கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே போனோம். வெயில் கொளுத்தியது. வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நோட்டீஸை வாங்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீங்க நெஜமாவே டாக்டரா?"

"ஆமாம்மா."

"அப்ப உள்ள வாங்க. ஒண்ணு கேக்கணும்."

உள்ளே போனேன். அவர் கணவர் கிடங்கில் மூட்டை தூக்கியவராம். "ஒரு நா மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னு ஊட்டுக்கு வந்தாரு. வேர்த்துக் கொட்டுது. கேஸா இருக்கும்னு சோடா வாங்கிக் குடுத்தேன். படுத்தா சரியாப் பூடும்னு அவரும் சொன்னாரு. பொழுது சாயறப்பத்தான் ஆட்டோல ஏத்தினேன். மெட்ரோ வேலைன்னு ரோட்ட அடச்சி வச்சிருந்தாங்க. வண்டி நவுரவே இல்ல. என் மடியிலயே..."

வாசலில் நின்ற எங்கள் ஆள் ஒருவர் உள்ளே வந்து என் காதருகே குனிந்தார். "மேடம், ரோடு, ஆஸ்பத்திரி ரெண்டும் இதுல கீது. மைக்ல இதையே பேசிடலாம்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. பழியைச் சாலைமேல் போட்டுவிட்டு, ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிக் கிளம்பிவிடலாம்.

அந்தப் பெண் விடவில்லை. "ரோடு கெடக்கட்டும். மத்தியானமே இட்டுக்கினு போயிருந்தா பொழச்சிருப்பாரா? எம்மேல தப்பில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஓட்டுக்காகச் சொல்லாதீங்க, டாக்டரம்மா. டாக்டரா சொல்லுங்க."

சர்வீஸில் எத்தனையோ பேரிடம் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறேன். சொன்ன கையோடு அடுத்த படுக்கைக்குப் போயாக வேண்டும். இங்கே அப்படிப் போக முடியவில்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"மத்தியானமே போயிருந்தா பொழைக்க வாய்ப்பு அதிகம்தாம்மா. கட்டாயம் பொழைச்சிருப்பாருன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா கேஸ்னு நெனச்சது உன் குத்தம் இல்ல. இதே வலி வந்த டாக்டருங்களே கேஸ்னு நெனச்சுப் படுத்திருக்காங்க. தெரிஞ்சிருந்தா நீ ஒரு நிமிஷம் சும்மா இருந்திருப்பியா?"

அவர் வாய்விட்டு அழுதார். வெளியே ஒலிபெருக்கி என் பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். பிரசார நேரம் முடியும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

"இப்பத்தாம்மா மூச்சு வருது," என்றார் கடைசியில். "தப்பில்ல, தப்பில்லன்னு சொல்லச் சொல்ல, எல்லாரும் என்னமோ மறைக்கிறாங்கன்னே தோணும்."

தேர்தலில் எனக்கு டெபாசிட்கூடத் தேறவில்லை. அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. சில வாரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வந்தவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இறந்துபோன தன் குழந்தையைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள். இன்னும் வருகிறார்கள்.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இப்படி ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு எத்தனை பேர் இருக்கிறார்களோ என்று நினைக்கும்போது, தோற்றாலும் அந்தத் தெருவுக்குள் ஓட்டுக் கேட்டுப் போனது நல்லதாயிற்று என்றே தோன்றுகிறது.