புகையைப் பார்த்து வந்த ஜீப்

பயோசார் சூளை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் "கஷ்டமா இருக்குமா சார்?" என்று கேட்கிறார்கள். கஷ்டம்தான். கண் எரியும், முடி பொசுங்கும். அதைச் சொல்ல இதை எழுதவில்லை. கல்வராயன் மலையில் என் சூளை சாம்பலாகப் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

வேலை இதுதான். மக்காச்சோளம் காற்றிலிருந்து கார்பனை இழுத்து வளர்கிறது. அறுத்த தட்டையைக் கொளுத்தினால் அது மறுபடி வானத்துக்கே போய்விடும். கரியாக்கி மண்ணில் கலந்தால் பேரன் காலத்துக்கும் அப்பால் அங்கேயே கிடக்கும். அந்தக் கரிதான் பயோசார். சூளை, புனல் மாதிரி ஓர் இரும்புத் தொட்டி. மேலே சுடர் நின்று புகையைத் தின்னும். அடியில் கரி சேரும். மேலே வெள்ளையாகச் சாம்பல் பூக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். விட்டால் எல்லாம் சாம்பல்.

என் சூளைக்காரர் சடையன், மலைக்காரர். முன்பு சாராயம் காய்ச்சி உள்ளே போய் வந்தவர். எங்கள் கள்ளக்குறிச்சி ஆபீசில் "அந்த ஆள் வேணாம்" என்றார்கள். போனை வைத்துவிட்டேன்.

அன்று மேகம் இறங்கி மரங்களுக்கிடையே நடந்துகொண்டிருந்தது. சுடர், தூங்கும் பிள்ளையின் மூச்சுபோல ஏறி இறங்கியது. தட்டை கரியாகி உள்ளே சரியும்போது கண்ணாடி வளையல் உரசுகிற சத்தம். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. ஆனால் மேகம் தட்டையை நனைத்துவிட்டது. புகை கம்பம்போல எழும்பியது.

"சார், இது ரோட்டுக்குத் தெரியும்" என்றார் சடையன்.

"தெரியட்டும். நாம இன்னா திருடறமா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னொரு கேஸுன்னா நேரா உள்ளதான். தையில பொண்ணுக்குக் கண்ணாலம் வச்சிக்கினு கீறேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஜீப் சத்தம். சடையன் ஓடிவிட்டார். இந்த மலையில் அந்தச் சத்தத்துக்கு எல்லாக் கால்களும் ஓடும்.

மதுவிலக்குப் போலீஸ். அணைப்பதற்கு வைத்திருந்த இரண்டு நீல ட்ரம்களைப் பார்த்ததும் "சாராய ஊறல் சார்!" என்று கத்திய கான்ஸ்டபிள்கள் அவற்றைச் சாய்த்துக் கவிழ்த்தார்கள்.

"யோவ், வெறும் தண்ணிய்யா! மோந்து பாத்துக் கொட்டக் கூடாது?"

எஸ்.ஐ. ஈர மண்ணை எடுத்து மோந்தார். "வாசன இல்லியே. அப்ப அவன் ஏன் ஓடனான்?"

"உங்களப் பாத்துதான். புலியா வந்துச்சி?"

"அவன் பேரச் சொல்லு."

நான் சொல்லவில்லை. சூளையில் வெள்ளை பூத்துவிட்டது. ஓடை செங்குத்துச் சரிவுக்குக் கீழே. என் முட்டியை வைத்துக்கொண்டு இறங்க முடியாது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு நின்றேன்.

மேகத்துக்குள்ளிருந்து சடையன் வந்தார். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

"தள்ளு சார், ஆவி மேல அடிக்கும்" என்று எஸ்.ஐ.யிடமே சொல்லிவிட்டு ஊற்றினார். பிறகு கான்ஸ்டபிள்களைப் பார்த்தார். "இன்னா நிக்கிறீங்க? கொட்டனீங்கல்ல, மொண்டுகினு வாங்க!"

அவர்கள் எஸ்.ஐ.யைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். குடம் கைமாறியது. நீராவி கிளம்பி மேகத்தோடு கலந்தது. யார் போலீஸ், யார் கேஸ்காரர் என்று தெரியவில்லை. வெள்ளைக்குள் இருமல் சத்தமும் "பாத்து, பாத்து" என்ற குரலும்தான். அப்படியே எல்லாரும் மிதந்து போய்விடுவோம் என்று தோன்றியது.

வெள்ளை விலகியபோது கரி கருப்பாகக் கிடந்தது. எஸ்.ஐ. முகமும்தான்.

"பேரு இன்னாய்யா?"

"சடையன். பழைய கேஸு ஒண்ணு கீது சார்."

எஸ்.ஐ. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காஞ்ச தட்டையப் போட்டு எரி. மலைய ஏற வச்சிட்ட" என்றார். ஜீப் இறங்கிப் போனது.

ஆள் எடுக்கும்போது பழைய கேஸைத் தோண்டாதீர்கள். சூளை எரிகிறதென்றால் திரும்பி வருவானா, அதைப் பாருங்கள். சடையன் இடத்தில் நான் இருந்திருந்தால் வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது.