ஐஸ் பெட்டியும் அடுத்த நூற்றாண்டும்

போன கிழமை வவுனியாவில் ஒரு வைத்தியர் என் முழங்காலைப் பல கோணங்களில் படம்பிடித்துப் பார்த்துவிட்டு, அது நோவதற்கு ஒரு காரணமும் இல்லை என்றார்.

"நோகுதே, டொக்டர்."

"ஓம் அம்மா, நோகும். இப்ப இருக்கிற மெஷினுக்குத் தெரியேல்லை. இனி வாற மெஷின் கண்டுபிடிக்கும்."

நான் எந்தப் புத்தகத்தை வாங்கி வாசிக்காமல் வைப்பேன் என்றுகூட முன்கூட்டியே அறிந்து சொல்லும் கைபேசி பைக்குள் கிடந்தது. முழங்காலைப் பற்றி அதற்கும் அபிப்பிராயம் இல்லை. எனக்குப் பெரிதாக ஏமாற்றம் வரவில்லை. இனி வரப்போகும் மெஷினை நம்பி நான் ஒரு காரியத்தில் இறங்கியது எட்டு வயதில்.

அப்போது நாங்கள் நாயாற்றுக் கடற்கரையில் இருந்தோம். அப்பா கரைக்கு வரும் வள்ளங்களிடம் மீன் வாங்கி, பெரிய மரப்பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி வைப்பார். காலையில் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். சின்னம்மாவும் சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார்கள். சித்தப்பா உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர். அவருடைய அறிவை அளக்கப் பரீட்சை இரண்டு தரம் முயன்று, இரண்டு தரமும் தோற்றிருந்தது. ஆகவே அவர் அப்பாவுக்கு மீன் நிறுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் உலகத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அவித்தால் இறால் ஏன் சிவக்கிறது, நிலவு ஏன் விழுவதில்லை, எல்லாம் சொல்லுவார். கேட்டாலும் விளக்கம், கேட்காவிட்டாலும் விளக்கம்.

அவரால் விளக்க முடியாமல் இருந்தது சின்னம்மாவின் கை ஒன்றைத்தான். முதலில் கோப்பைகள் விழுந்தன. பிறகு தலை வாரச் சீப்பைத் தூக்க முடியவில்லை. பிறகு நடையும் தள்ளாடியது. கொழும்பில் பெரிய டொக்டரிடம் காட்டிவிட்டு வந்தார்கள். இந்த நோய்க்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லையாம் என்று மட்டும் அம்மா குசினிக்குள் நின்று சொன்னார்.

அன்று பின்னேரம் சின்னம்மா கதிரையில் இருந்தா. சித்தப்பா அவாவின் தலையை வாரியபடி கதை சொன்னார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அமெரிக்காவில மருந்தில்லாத வருத்தக்காரர் செத்த உடன ஐஸுக்குள்ள வைக்கினமாம். பழுதாகாமல் அப்பிடியே கிடப்பினம். நூறு வருசத்தால மருந்து வந்த உடன எழுப்பி, குடுத்து விடுவினம்."

"ஆரையும் எழுப்பினவையோ?" என்று சின்னம்மா கேட்டா.

"இன்னும் இல்லை. எழுப்புவினம்."

"நூறு வருசத்தால எழும்பி நான் ஆரோட கதைக்கிறது? ஒருத்தரையும் தெரியாது."

"நான் பக்கத்துப் பெட்டியில படுத்திருப்பன்."

"அங்கயும் குறட்டையோ?" என்றா சின்னம்மா.

அந்தக் கிழமையே எங்கள் பூனை கரையில் கிடந்த பேத்தை மீனைத் தின்றுவிட்டது. ஊதிப் பந்தாகிற அந்த மீன் நஞ்சு என்று வள்ளக்காரர் வலையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடுவார்கள்; பூனைக்கு அது தெரியாது. வாயில் நுரை தள்ளக் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் ஓடினேன். பேத்தை நஞ்சுக்கு உலகத்தில் எங்குமே மாற்று மருந்து இல்லை என்றார் அவர். பொழுதுபடப் பூனை செத்துப்போயிற்று.

எனக்கு ஒரே குழப்பம். கடைசி நாளில் எல்லோரும் உயிர்த்தெழுவார்கள் என்று கோயில் ஞாயிறு வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். ஆனால் மிருகங்களுக்கு அழியாத ஆன்மா இல்லை என்றும் அதே வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் பூனையைத் திருச்சபை பொறுப்பெடுக்காது. மிச்சம் இருந்தது விஞ்ஞானம். விஞ்ஞானத்துக்கு வேண்டியதோ ஐஸ். ஐஸுக்கு எங்கள் வீட்டில் என்ன குறை? அப்பா செபமாலை சொல்லப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். அறக்குளா மீன்களுக்கு நடுவே பூனையைக் கிடத்தி, மேலே ஐஸைக் கொட்டினேன். எழும்பும்போது பசிக்குமே என்று யோசித்து, முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சூடை மீனையும் வைத்தேன்.

காலையில் லொறிக்காரர் பெட்டியைத் திறந்தார். கையால் ஐஸைத் தள்ளிப் பார்த்தார்.

"அண்ணை, உது என்ன சாதி மீன்? மீசை கிடக்கு."

அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன கோதாரியடா இது!"

பெட்டி மீனை லொறிக்காரர் தொடமாட்டேன் என்றுவிட்டார். அப்பா பூவரசங் கம்பை முறித்துக்கொண்டு வந்தார். நான் முற்றத்தில் நின்று, இருந்த ஒரே சாட்சியைக் கூப்பிட்டேன்.

"சித்தப்பாதான் சொன்னவர்! ஐஸுக்குள்ள வைச்சா மருந்து வந்த உடன எழுப்பலாமெண்டு!"

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் சின்னம்மாவைப் பார்த்தார். அவா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தா.

"உது விசர்க் கதையெண்டு பிள்ளைக்கு விளங்கச் சொல்லும்" என்றார் அப்பா.

கேட்காமலே விளக்குகிற மனிதர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "பொய்யோ, சித்தப்பா?"

"பொய்யில்லை" என்றார், சின்னம்மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த ஐஸ் காணாது. இன்னும் கடும் குளிர் வேணும். அதுக்கு வேற மெஷின் இருக்கு."

சின்னம்மா சிரிக்கத் தொடங்கினா. "எங்கையெண்டாலும் வையுங்கோ. உந்தப் பெட்டிக்குள்ள மட்டும் வேண்டாம். நூறு வருசத்தால எழும்பினாலும் அறக்குளா நாத்தம் போகாது."

லொறிக்காரரும் சிரித்தார். அப்பா கம்பைக் கீழே போட்டார். சின்னம்மா மட்டும் சிரித்துக்கொண்டே உள்ளே போய், வெகு நேரம் வெளியே வரவில்லை.

பூனையைப் புதைக்க சித்தப்பாவும் நானும் கரைக்குப் போனோம். தாழம்புதர் ஓரத்தில் மண்வெட்டியால் வெட்டினார். பூனை விறைத்துப் பலகைபோல் இருந்தது. ஐஸ் ஓரளவு வேலை செய்திருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. மண்ணைப் போட்டு மூடும்போது, மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"சித்தப்பா, சின்னம்மாவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவியளோ?"

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மணலில் குந்தினார். கடலைப் பார்த்தபடி இருந்தார். நான் இன்னொரு தரம் கேட்டேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

அமெரிக்கா போகிற பிளேனில் சிறுபிள்ளைகளை ஏற்றமாட்டார்கள் போலிருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று விளங்கிக்கொண்டேன். பரவாயில்லை, அடுத்த முறை போகலாம் என்று அவரைத் தேற்றினேன்.