செபமாலை முடியும் மட்டும்: கொட்டாஞ்சேனையில் ஒரு மோட்டார் சைக்கிள் தேடியது

வியாழன் காலை ஐந்து மணி பத்து. யாழ்ப்பாணத்திலிருந்து நானூறு கிலோமீற்றர் ஓடி வந்த பஸ், வெள்ளவத்தையில் காலி வீதியோரம் என்னை இறக்கிவிட்டது. கட்டணம் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். மேல்தட்டில் வைத்தால் உருளும் என்று தலைக்கவசத்தை வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தேன்.

களுத்துறைக்கு அப்பால் மோட்டார் சைக்கிள் ஓட்டப்பாதையொன்று இருக்கிறது. சில ஞாயிறுகளில் அதைப் பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். போட்டியில்லை, பரிசில்லை. ஒரு முறைக்கு இருபது நிமிடம்; கொடி காட்டியதும் வெளியே வர வேண்டும். இரவல் மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் ஏழெட்டு நிமிடத்தில் நானாகவே வெளியே வந்துவிட்டேன். என் இடது முழங்காலில் இரண்டு ஆணிகள் உண்டு, வவுனியாவுக்கு இப்பால் ஒரு லொறி தந்தவை. கால் முழுதாக மடியாது. வயது ஐம்பத்திரண்டு. என்னுடைய ஓட்டோவை விற்றுவிட்டு வந்திருந்தேன். எண்ணம் இதுதான்: இந்த உடம்பு தாங்கக்கூடிய மோட்டார் சைக்கிளொன்றை வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடத்தையும் ஓடி முடிப்பது. முடியாவிட்டால் தலைக்கவசத்தை மச்சான் யோகனிடம் கொடுத்துவிட்டு ஆசையை விட்டுவிடுவது.

யோகன் வங்கியில் வேலை. கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறான். நெடும்பயணத்துக்கென்று வாங்கிய அவனுடைய பெரிய மோட்டார் சைக்கிள், விற்பதற்கென்று கீழே தூசி பிடித்து நின்றது.

"ஏறி இருந்து பார் மச்சான். சோபா மாதிரி. யாழ்ப்பாணம் மட்டும் நித்திரை கொண்டே போகலாம்."

"நித்திரை கொள்ளுறதுக்கோ நான் கேட்டனான்?"

பகிடிக்குச் சொன்னேனே தவிர, பம்பலப்பிட்டி வரை போய் வந்ததும் எனக்கும் பிடித்துவிட்டது. இருக்கை பஞ்சாக இருந்தது. கைபிடி நெஞ்சளவு உயரம். முழங்காலில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பிரேக்கை மட்டும் கொட்டாஞ்சேனை அன்ரனிடம் காட்டச் சொன்னான் யோகன்.

மாலை ஐந்தரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். பத்துக் கிலோமீற்றர்தான், மருதானை நெரிசலில் ஐம்பது நிமிடம் எடுத்தது. அன்ரன் ஒருகாலத்தில் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரங்கள் திருத்தியவர். இப்போது வீட்டு முன்னறையே அவருடைய வேலைத்தலம். நான் வந்த காரியத்தைக் கேட்டார், பிரேக்கை ஒரு மணித்தியாலம் கழற்றிப் பூட்டிப் பார்த்தார், பின்சில்லுக்குக் கீழே ஒரு தாங்கியைக் கொடுத்து வண்டியை நிமிர்த்தி நிறுத்தினார்.

"ஏறுங்க அண்ணே. தொப்பியயும் போடுங்க."

"இங்கையோ? ஏன்?"

"ஆறரைக்கு உள்ளுக்கு செபமாலை தொடங்கும். முடியிறதுக்கு இருபது நிமிசம். ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'க்கும் ஒரு வளைவு. ஒன்டுக்கு இடப்பக்கம் சரியணும், அடுத்ததுக்கு வலப்பக்கம். மொத்தம் அம்பது. முடியிற வரைக்கும் இறங்கப்படாது."

"நான் வேதக்காரன் இல்லை."

"வளைவுக்குச் சமயம் தெரியாது. ஏறுங்க."

ஓட்டப்பாதைக்கு வண்டி கேட்டு வரும் எல்லோரையும் அவர் இப்படித்தான் சோதிப்பாராம். உள்ளறையில் அவர் மனைவி பிலோமினா அக்கா செபத்தைத் தொடங்கினார். அயல்வீட்டுப் பெண்கள் மறுமொழி சொன்னார்கள். நான் ஹெல்மெட்டுக்குள் வேர்த்தபடி இடமும் வலமுமாகச் சரிந்தேன்.

பத்துச் செபம் கொண்டது ஒரு தேவ இரகசியம், அப்படி ஐந்து. முதலாவது சுகமாகப் போனது. இரண்டாவதில் சங்கதி விளங்கியது. பஞ்சு இருக்கை குழிவானது, ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தரமும் அந்தக் குழியிலிருந்து உடம்பைத் தூக்கியெடுக்க என் முழங்காலைத் தவிர வேறு ஆதாரமில்லை. மூன்றாவதின் நடுவில் ஆணிகள் பேசத் தொடங்கின. இறங்கிவிட்டேன்.

செபம் நிற்கவில்லை. அன்ரன் ஒரு வாளியைக் கவிழ்த்து என்னை இருத்தினார். செபம் முடிந்தபிறகு உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"எத்தினையில எறங்கினாரு?" என்றார் பிலோமினா அக்கா.

"மூனுல."

"பரவால்ல. போன மாசம் வந்த தம்பி ஒன்டுலயே அழுதான்."

கால்நூற்றாண்டாக வாகனத்தில் பிழைத்தவன் நான். சுகம் என்றால் அசையாமல் இருப்பது என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நீண்ட வீதிக்கு அது சரி. ஓட்டப்பாதையில் மனிதன் இருக்கையில் இருப்பதேயில்லை, ஓயாமல் இடம் மாறுகிறான்.

வெள்ளி. வெள்ளவத்தையிலிருந்து 155ஆம் இலக்க பஸ், எழுபது ரூபாய். அன்ரன் பந்தய வடிவில் குனிந்து நிற்கும் ஒன்றை வைத்திருந்தார். கால்மிதி உயரத்தில், கைபிடி பள்ளத்தில். இரண்டாவது இரகசியத்தைத் தொடவில்லை. யோகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப ஹெல்மெட் எனக்குத்தான்," என்றான்.

"ஞாயிறு முடியட்டும்."

சனி. அன்ரன் மூலையிலிருந்து ஒரு பழைய ஜப்பான் இருநூற்றைம்பது சீசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காற்றுத் தடுக்கும் வெளிமூடிகள் எதுவுமில்லை, பெற்றோல் டாங்கியில் நெளிவு. இருக்கை பலகை போல் தட்டையாகவும் கெட்டியாகவும் இருந்தது.

"இதில இருந்தா பின்பக்கம் நோகுமே!"

"இருக்கிறதுக்கா வந்தீங்க?"

நான் வியாழக்கிழமை யோகனைக் கேட்ட அதே மாதிரிக் கேள்வி.

அன்றைக்குப் பகல் முழுவதும் அந்த வண்டியை என் உடம்புக்குத் திருத்தினோம். இடது கால்மிதியை ஓரங்குலம் இறக்கினார். கைபிடியைச் சற்று உயர்த்தினார். டாங்கியின் இரு பக்கமும் பழைய டியூப்பை வெட்டி ஒட்டினார், தொடைகள் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டால் பிரேக் பிடிக்கையில் பாரம் மணிக்கட்டுக்குப் போகாது. ஆறரைக்கு ஏறினேன். தட்டை இருக்கையில் உடம்பு வழுக்கிக்கொண்டு பக்கம் மாறியது, தூக்க வேண்டியிருக்கவில்லை. நான்காவதில் நோவு தொடங்கியது. பல்லைக் கடித்தேன். ஐம்பதாவதுக்கு வலப்பக்கம் சரிந்து நிமிர்ந்தபோது பிலோமினா அக்கா வாசலுக்கு வந்து நின்று சிரித்தார். விலை நான்கரை இலட்சம். கொடுத்தேன்.

ஞாயிறு. சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஒன்பது நாற்பதுக்கு என் முறை. வேகமானவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள், போகட்டும். நான் வளைவுகளை மட்டும் எண்ணினேன். வாய் தானாகவே அந்தச் செபத்தைச் சொல்லியது. முழங்கால் சனிக்கிழமையைவிட முன்னதாகவே குத்தத் தொடங்கியது. தாங்கியில் ஆடாத வண்டி இங்கே அதிர்கிறது. வெளியேறும் வழி ஒவ்வொரு சுற்றிலும் இடப்பக்கம் திறந்து கிடந்தது. முன்பு இரண்டு தடவையும் அதற்குள் திரும்பியவன். அதைத் தாண்டினேன். மறுபடி வந்தது. மறுபடியும் தாண்டினேன். எண்ணிக்கை ஐம்பதையும் கடந்து எங்கேயோ பிசகிப்போனது. அப்போது கொடி அசைந்தது.

காலை ஊன்ற முடியவில்லை. அன்ரன் ஓடிவந்து வண்டியைப் பிடித்தார்.

"எத்தினையில வலிச்சது?"

"மூண்டிலை."

"அப்ப ஏன் வெளிய வரல்ல?"

"செபம் முடியேல்லையே."

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி இன்னொரு தரம் சாயப் பார்த்தது.

திங்கள் மாலை வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். எங்கள் பக்கத்து வீதிகள் கிளிநொச்சிக்கும் ஆனையிறவுக்கும் இடையில் கோடு கீறியது போல நேராகக் கிடக்கும், சரிவதற்கு வளைவே இல்லை. இனி அந்தச் சரிவு கொழும்புப் பக்கத்தில்தான். வண்டி அன்ரனின் முன்னறையில் நிற்கிறது. அதற்கு மேலே ஆணியில், மாதா படத்துக்குப் பக்கத்தில், என் தலைக்கவசம் தொங்குகிறது. நானூறு கிலோமீற்றரும் மடி வெறுமையாக, காலை நீட்டிக்கொண்டு போனேன்.