ராமச்சந்திரன் முதலாளி சேர்த்த அம்மன்

ராமச்சந்திரன் முதலாளியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய கம்பெனியில் இருந்து கேட்டிருந்தார்கள். அறுபதாவது பிறந்தநாளுக்கு மலர் போடுகிறார்களாம். அவர் பிறந்த லயத்தில்தான், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில்தான், நானும் பிறந்தேன். இருபத்தைந்து வருஷமாக அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அதனால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். தெரியும்தான். அவர்கள் கேட்டதை எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இதை எழுதுகிறேன். 'அவர்' என்று போடவே கை கூசுகிறது. படிப்பிக்கிறவள் மரியாதை கெட்டு எழுதினாள் என்று பேர் வரக் கூடாதே என்பதற்காகப் போடுகிறேன்.

நிவித்திகலவுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாகக் கிடக்கிறது எங்கள் தோட்டம். ராமச்சந்திரனின் அப்பா ரப்பர் பால் வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். மகன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆற்றில் மாணிக்கம் எடுக்கப் போனார். எங்கள் பக்கத்தில் அது அன்றாட வேலை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீளக் கம்பு கட்டிய மண்வெட்டியால் ஆற்றின் அடிமண்ணை வாரி, கூடையில் அரித்துப் பார்ப்பார்கள். நாலு பேர் பங்குக்கு எடுத்த ஒரு நீலக்கல் ராமச்சந்திரனின் வாய்க்குள் போய்விட்டது என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் மற்ற மூன்று பேரும் இன்றைக்கும் தண்ணீரில்தான் நிற்கிறார்கள். ராமச்சந்திரன் கரவனெல்லப் பக்கத்தில் ரப்பர் கையுறை செய்யும் ஃபேக்டரி போட்டார். ஆறு வருஷத்தில் இரண்டாவதும் எழும்பியது.

காசு சேர்ந்தவர்களுக்குச் சீனி வியாதி வரும். அவருக்கு வந்தது கலை. கொழும்பில் ஓவியம் ஓவியமாக வாங்கினார். கொழுந்துக் கூடையோடு பல் தெரியச் சிரிக்கும் பெண்கள் மட்டுமே பதினெட்டுப் படங்களில் இருக்கிறார்கள். அட்டை கடிக்கிற மழையில் எந்த மலையில் அப்படிச் சிரித்துக்கொண்டு கொழுந்து எடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு துரைமாரின் நாற்காலி, கங்காணிமாரின் பிரம்பு, லயத்து வீடுகளில் கிடந்த பழைய விளக்கு, பித்தளைக் குடம் எல்லாம் சேர்க்கத் தொடங்கினார்.

எதையும் கேட்டு வாங்கமாட்டார். வீட்டுக்குள் வந்து தரையில் உட்காருவார், சீனி போடாத தேத்தண்ணீர் குடிப்பார், மேலே பார்த்து, "இப்பிடி வாய் ஒடஞ்ச வெளக்கு வீட்ல இருந்தா ஆகாதே தங்கச்சி," என்பார். மறுநாள் அந்த வீட்டுக்காரர்களே விளக்கைக் கொண்டுபோய் அவர் காரில் வைப்பார்கள். லயத்தில் பிறந்த மனுஷன் அல்லவா, நாங்கள் எதற்குப் பயப்படுவோம் என்று அவருக்குத் தெரியும்.

என் அப்பா இருளப்பன்தான் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. ஒன்றரை அடி வெண்கல அம்மன். முதன்முதலில் இந்தியாவில் இருந்து நடந்தும் கப்பலிலும் வந்தவர்கள் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தது. 2010ஆம் ஆண்டு திருவிழாவுக்குக் காப்புக் கட்ட ஒரு வாரம் இருக்கும்போது ராமச்சந்திரன் ஒரு படப்பிடிப்பாளரோடு கோயிலுக்கு வந்தார்.

"பொஸ்தகம் போடுறோம் பூசாரியண்ணே. அம்மன கொஞ்சம் வெளிச்சத்துக்குத் தூக்கித் தாங்க," என்றார்.

அப்பா தூக்கிக் கொடுத்தார். வருஷா வருஷம் திருவிழாச் செலவுக்குக் கொடுக்கிற மனுஷனிடம் எப்படி மாட்டேன் என்பது? படம் எடுத்து முடிந்ததும், "ஹரி, ஹரி, நீங்க பூவப் பாருங்க, நானே கொண்டு வச்சிடுறேன்," என்றார். சரி என்பதைச் சிங்களத்தில் 'ஹரி' என்றுதான் சொல்வார். அவரே பட்டுத் துணியைச் சுற்றி அம்மனை உள்ளே வைத்தார்.

மறுநாள் காலையில் அபிஷேகத்துக்குத் தண்ணீர் ஊற்றியபோது அப்பாவின் கையிலிருந்து செம்பு நழுவி அம்மன்மேல் இடித்தது. துடைக்கும்போது பார்த்தார், வலது கையில் சுண்டுவிரல் இல்லை. கோயில் தரையில் தேடினார். தண்ணீர் ஓடும் கானைத் தோண்டி, மாணிக்கம் அரிக்கிற கூடையை இரவல் வாங்கி, அந்தச் சேற்றையெல்லாம் அரித்துப் பார்த்தார். மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் தானாகவே தோட்டத் தலைவர் சன்னாசியிடம் போய், "செம்பு பட்டு அம்மன் வெரலு ஒடஞ்சி போச்சுங்க. எங் கையாலதான்," என்று சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டுச்சேலைக்குள் யார் பார்த்திருக்கப்போகிறார்கள்! அப்பாவுக்கு அப்படி இருக்கத் தெரியாது.

கூட்டம் போட்டார்கள். ராமச்சந்திரன் காரில் வந்து இறங்கினார்.

"பின்னமான சாமிய வச்சிக் கும்பிடக் கூடாதுங்க. தோட்டத்துக்கே ஆகாது. ஆத்துல எறக்கிறணும். கருங்கல்லுல புது அம்மன் நான் செஞ்சி தாரேன்," என்றார்.

அவர் சொன்ன முறையில் பிழை கிடையாது. எங்கள் வழக்கம் அதுதான், அங்கம் குறைந்த சிலையைக் கும்பிடமாட்டோம், தண்ணீரில் விட்டுவிடுவோம். வெள்ளிக்கிழமை காலையில் தப்பு அடித்து, அப்பாவின் தோளில் அம்மனை ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோனோம். எந்த இடத்தில் விடுவது என்று காட்டியதும் ராமச்சந்திரன்தான். குடையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வளைவுல விடுங்க பூசாரியண்ணே, அங்கதான் ஆழம்," என்றார். இளவயதில் அவர் அடிமண் வாரிய வளைவு அது. அப்பா கழுத்தளவு தண்ணீரில் நின்று அழுதுகொண்டே கையை விட்டார்.

அந்த வருஷம் அப்பாவுக்குக் காப்புக் கட்டவில்லை. அடுத்த பிரிவில் இருந்து வேறு பூசாரி வந்தார். கருங்கல் அம்மன் வந்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குக் கையுறை ஃபேக்டரியில் வேலையும் கிடைத்தது. முதலாளிக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா அதற்குப் பிறகு கோயிலுக்குள் கால் வைத்ததே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ரோட்டோரத்தில் நின்று சூடம் கொளுத்திவிட்டு வந்துவிடுவார். என் மகள் பிறந்தபோது கையில் வாங்கமாட்டேன் என்றார். "இது ஆகாத கை தாயி," என்றார். பதினாலு வருஷம் ஒரு மனிதர் தன்னுடைய கையைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தார்.

போன ஐப்பசியில் றக்வானவில் ஒரு பழைய துரை பங்களாவை வாங்கி, ராமச்சந்திரன் தன் சேகரிப்பையெல்லாம் வைத்துக் கண்காட்சி திறந்தார். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் அழைப்பு வந்தது. பஸ் அத்தனை வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தலை சுற்றியது. மூன்றாவது அறைக்குள் போனதும் நன்றாகவே சுற்றியது. கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், எங்கள் அம்மன் நின்றாள்.

கீழே மூன்று மொழியில் எழுதியிருந்தது: 'மாரியம்மன். வெண்கலம். தோட்டக் கோயில் பூசாரி குடும்பத்திடமிருந்து பெறப்பட்டது.'

என் அப்பா விற்றார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்! படிக்கிறவர்களுக்கு வேறென்ன விளங்கும்? பார்த்தேன், விரல் ஐந்தும் இருந்தன. சுண்டுவிரலின் அடியில் மயிர் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. பொருள்களைப் பற்றி விளக்குவதற்காக ரோஷானி என்ற கரவனெல்லப் பெண் ஒருத்தி அங்கே நின்றாள். புது விரல் செய்து ஒட்டினார்களா என்று கேட்டேன்.

"இல்லிங்க டீச்சர், இது பழைய வெரலுதான். மொதலாளி சேர்கிட்ட ஒரு தீப்பெட்டில தனியா இருந்திச்சி. கொழும்புல குடுத்து ஒட்டவச்சாங்க," என்றாள் அந்தப் பிள்ளை, பெருமையாக.

கோயில் சேற்றையே அரித்தும் அப்பாவுக்குக் கிடைக்காத விரல். ஆற்றுக்கும் போகாத விரல். செம்பு இடிப்பதற்கு முந்தின நாளே, பட்டுத் துணிக்குள் வைத்து அதை ஒடித்திருக்கிறார் பாவி.

கொழும்பு ஆட்களோடு சிரித்துக்கொண்டு நின்றவரிடம் நேராகப் போனேன்.

"அண்ணே, எங்க அம்மன் இங்க எப்பிடி வந்திச்சி?"

"ஆத்துல போட்டது யாரு தங்கச்சி? நீங்கதானே. வேணாம்னு விட்டத எடுத்து வச்சிருக்கேன். அங்கயே கெடந்திருந்தா மண்ணோட போயிருக்கும்."

"வெரல எப்ப எடுத்தீங்க?"

முகம் ஒரு கணம் மாறியது. "ஹரி, ஹரி, ஆளுக நிக்கிறாங்க. பொறவு பேசுவோம்," என்று என் தோளைத் தட்டினார். அந்தக் கையை உதறிவிட்டு வந்தேன்.

ஃபோனில் எடுத்த படத்தை அப்பாவிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். அப்பா விரலைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். திரும்பத் திரும்பப் பார்த்தார். "அப்ப நான் இல்லியா?" என்றார். "நீங்க இல்லப்பா," என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த நாள் காலையில், எழுபத்தேழு வயதில், சட்டை மாற்றிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனார். வேலை பிரித்துக் கொடுப்பதற்காகத் தோட்டமே கூடி நிற்கும் இடம் அது. நானும் கூடப் போனேன். அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி, "அம்மன் வெரல ஒடச்சது நான் இல்லிங்க! மொதலாளிதான் ஒடச்சிக் கொண்டுபோயிருக்காரு. எம் மக கண்ணால பாத்துட்டு வந்திருக்கு," என்றார். நிமிர்ந்து நின்றார்.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். தலைவர் சன்னாசிதான் கடைசியில் பேசினார்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும்ங்க பூசாரி. மறு வாரமே அவரு ஆளுக அந்த வளைவுல மண்வெட்டி போட்டு வாருனத பாத்தோமே. பன்னெண்டு புள்ளைகளுக்கு வேலை கெடச்சிச்சி. நீங்களே ஒங் கைதான்னு ஒத்துக்கிட்டீங்க. நாங்க என்னத்த சொல்றது?"

சங்கு ஊதியது. எல்லாரும் மலைக்குப் போனார்கள்.

ராமச்சந்திரனை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. சன்னாசி என் பக்கத்து வீட்டுக்காரர், என் மகளின் காதுகுத்துக்கு மாமன் முறைக்கு வந்து மடியில் வைத்துக்கொண்டவர். அவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் அப்பா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்.

"இதக் கேட்டதுக்கு, அது எங் கையாலயே ஒடஞ்சதாவே இருந்திருக்கலாம் தாயி," என்றார்.