மீசை முளைத்த தேவி

ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் மோர்டென்ஸ்ருட் வீட்டில் இருந்து வலைப்பூ எழுதினேன். வேலையால் வந்து, ஜாக்கெட்டைக் கழற்றாமலே பின்னூட்டம் வந்திருக்கிறதா என்று பார்த்த அந்த நாட்களை நினைத்தால் இன்றும் இனிக்கிறது. யாரும் எழுதாதபோது, 'திருமலைத் தேவி' என்ற பெயரில் நானே என்னைப் புகழ்ந்து எழுதிக்கொள்வேன்.

அண்மையில் அந்தத் தளத்தைப் புதுப்பித்திருந்தார்கள். பழைய பக்கங்களைப் பார்க்கும் ஆசையில் உள்ளே போனவன், புதிய வசதிகள் எவையென்று வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டேன். எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும், பின்னூட்டம் எழுதியவரின் கணக்கில் உள்ள படத்தைக் காட்டுவதும் அவற்றில் ஒன்று.

எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் நண்பன் குகன் அழைத்தான்.

"மச்சான், தேவிக்கு மீசை முளைச்சிருக்கு. பார்த்தனியே?"

பார்த்தேன். அவள் புகழ்ந்த இடமெல்லாம் என் முகம். சிரித்துச் சமாளித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"உனக்கு இவ்வளவு வாசகர் எண்டு நினைச்சுத்தான் நான் வெட்கத்தில எழுதுறதை விட்டனான்."

அந்த நாட்களில் வலைப்பூவில் என்னைவிட நன்றாக எழுதியவன் அவன். அன்று பின்னேரமே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திரும்ப எழுதச் சொல்லிக் கெஞ்சினேன்.

இப்போது குகன் எழுதுகிறான். நான் சொந்தப் பெயரில், உண்மையை மட்டும் பின்னூட்டமாக இடுகிறேன். முந்தாநாள் 'கொஞ்சம் நீளம்' என்று எழுதினேன். இரண்டு நாளாக அவன் என்னோடு கதைக்கவில்லை.