மூன்றாம் நம்பர் டேங்க்கின் மஞ்சள்

1. விஜயதசமி காலை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்றாம் நம்பர் டேங்க்கின் படியேறி உள்ளே எட்டிப் பார்த்தேன். அரைத்த கடுகின் நிறத்தில் இருக்க வேண்டிய கலவை, பாசி பிடித்த குட்டை மாதிரிப் பச்சையாக இருந்தது. ஓரமெல்லாம் கறுப்புத் திட்டு. இரவு பகல் பாராமல் ஓட வேண்டிய காற்று புளோயர் நின்று கிடந்தது. அதன் மேல் முந்தின நாள் போட்ட சாமந்தி மாலை மட்டும் ஜம்மென்று இருந்தது.

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு நிறமிக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் லேப் பார்த்தவள் நான். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன்; இது நடந்தது அதற்குப் பல வருடம் முன்னால். நடைபாதையில் பதிக்கிற மஞ்சள் கல், வீட்டுத் தரையில் இழைக்கிற சிவப்பு, இரும்புக் கேட்டுக்கு பெயின்டுக்கு முன்னால் பூசுகிற ரெட் ஆக்ஸைடு, எல்லாவற்றுக்கும் நிறம் கொடுப்பது இரும்பு ஆக்ஸைடு. மூடி மறைக்காமல் சொன்னால், துரு. ஊரே துருவை விரட்டிக்கொண்டிருந்தபோது அதைச் சீராட்டி வளர்த்தவர்கள் நாங்கள். சுற்று வட்டாரத்தில் எங்களுக்கு "மஞ்சா கம்பெனிக்காரங்க" என்று பெயர். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் வெள்ளை வேட்டி கட்டியவர்கள் எழுந்து நகர்ந்துவிடுவார்கள். எங்களுக்கு சீட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

புதிதாக லேபில் சேருகிற பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஃபெரஸ் சல்பேட் கரைசலில் காஸ்டிக் சோடா விட்டு, காற்றடித்து, மெல்லிய மஞ்சள் குழம்பு ஒன்று எடுப்போம். அதற்கு சீட், அதாவது விதை, என்று பெயர். பாலுக்கு உறை மாதிரி அது. அதைப் பெரிய டேங்க்கில் விட்டு, இரும்புத் தகட்டு ஸ்கிராப்பைப் போட்டு, ஸ்டீமில் எண்பது டிகிரிக்குச் சூடாக்கி, அடியிலிருந்து காற்று விட வேண்டும். காற்று படப்பட மஞ்சள் வளரும், கூடவே அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் இரும்பைக் கரைக்கும். கரைந்த இரும்பு மறுபடி மஞ்சளாகும். ஏழு நாள் இந்தச் சுற்று நிற்காமல் ஓட வேண்டும். காற்று நின்றுவிட்டால் புது அமிலம் வராது. இருக்கிற அமிலத்தை இரும்பு தின்றுவிடும், பிஎச் ஏறும், மஞ்சள் வளர வேண்டிய இடத்தில் பச்சையும் கறுப்பும் வந்து உட்காரும். அந்தக் கறுப்பு ஒரு சிட்டிகை சேர்ந்தாலும் மஞ்சள் அழுக்காகிவிடும். எங்கள் டேங்க்கில் நடந்தது அதுதான்.

2. மாலை போட்ட மெஷின்

மூன்றாம் நம்பர் டேங்க்கை ஓட்டியவர் ஏழுமலை அண்ணன். லோடு தூக்க வந்து, டேங்க் ஆப்பரேட்டர் ஆனவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். நான் பிஎச் மீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்வதை, அவர் டேங்க்கின் நுரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். "இன்னும் ரெண்டு நாளு கீதும்மா" என்பார். அப்படியேதான் ஆகும். பி.எஸ்சி. படித்தவள் என்ற கொழுப்பு எனக்குக் கொஞ்சம் இருந்தது. அதைக் குறைத்தவர் அவர்தான்.

அன்று காலை நாஷ்டா பொட்டலத்தோடு உள்ளே வந்தவரை நான் டேங்க் மேலிருந்தே பிடித்துக்கொண்டேன்.

"புளோயர யாருண்ணா நிறுத்துனது?"

"நான்தாம்மா. இன்னாத்துக்குக் கேக்கற?"

"ஏன் நிறுத்துனீங்க?"

"மொதலாளிதானம்மா சொன்னாரு, இன்னிக்கி எல்லா மெஷினுக்கும் லீவுன்னு. சந்தனம் வெச்சி, பொட்டு வெச்சி, மாலையப் போட்டுட்டு, ஒடனே ஓட வுட்டா நல்லாவா கீது? மாட்டுப் பொங்கல் அன்னிக்கி மாட்ட ஏர்ல கட்டுவமா?"

நான் கத்தினேன். நான் கத்தினால் கடைசியில் இருக்கிற கில்ன் சூளை வரைக்கும் கேட்கும் என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அன்றைக்குக் கேட்டிருக்கும். அவர் மேலே ஏறி வந்து டேங்க்குக்குள் பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மற்ற வருடங்களில் பூஜைக்கு முன்பே எல்லா டேங்க்கையும் ஓட்டி முடித்து, சரக்கை இறக்கிவிடுவோம். அந்த வருடம் ஒரகடம் பக்கத்து டைல் கம்பெனி ஒன்றிலிருந்து முதல் ஆர்டர் வந்திருந்ததால் மூன்றாம் டேங்க் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. பூஜையில் முதலாளி கற்பூரத்தைக் காட்டிவிட்டு, "இன்னிக்கி எல்லா மெஷினுக்கும் லீவு" என்று சத்தமாகச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். கையில் பொரியை வாங்கிக்கொண்டேன். பாய்லர்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்டீமைக் குறைக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். புளோயரை யாராவது நிறுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டுப் பூஜைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். அவரைப் பார்த்துக் கத்தியதில் பாதியை நான் என்னைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டும்.

3. ரெண்டில் ஒன்று

முதலாளி கெட்டவர் இல்லை. சொந்த நிலத்தின் ஓரத்திலேயே கம்பெனி கட்டி, எங்கள் ஊர் ஆட்களையே வேலைக்கு வைத்தவர். ஆனால் பயம் வந்துவிட்டால் கோபமும் கூடவே வரும். விஷயத்தைச் சொன்னதும் கேபினுக்குள் மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு வியர்த்தார்.

"ஒண்ணாம் நம்பர் டேங்க் சரக்கு நல்லா கீதுல்ல?"

"நல்லா இருக்கு சார். ஆனா பாதி ஆர்டருக்குத்தான் வரும்."

"அதோட இத்தயும் கலந்துடு. அந்த ஆர்கானிக் மஞ்சா சாயம் ஸ்டோர்ல சும்மாதான கீது? அத கொஞ்சம் தூக்கிப் போடு. ஷேட் நிக்குமா நிக்காதா?"

"நிறம் பாக்கற கார்டுல நிக்கும் சார். வெயில்ல நிக்காது. ஆறு மாசத்துல வெளுத்துடும்."

"ஆறு மாசம் கழிச்சி எவன் கார்ட வெச்சிக்கினு ரோட்டப் பாக்கப் போறான்? நீ ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடு. போட முடியாதுன்னா அந்த ஏழுமலைய இன்னியோட வூட்டுக்கு அனுப்பு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

மத்தியானம் வரை டைம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஏழுமலை அண்ணனின் மூத்த பெண் அப்போது ஏனாத்தூர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடப் படிப்பில் இரண்டாவது வருடம். அவர் வேலை போனால் அந்தப் படிப்பும் போகும். அந்த வயதில் வேறு எந்தக் கம்பெனியும் அவரை டேங்க் பக்கம் விடாது. மறுபடி லோடுதான். இன்னொரு பக்கம் என் கையெழுத்து. அதுவரை நான் கையெழுத்துப் போட்ட ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. நடவுக்குப் போய் என்னைப் படிக்க வைத்த அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெருமை அதுதான். அதை விட்டுக்கொடுத்தால் ஒரு மனிதர் பிழைப்பார் என்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், பேனாவை எடுத்துவிட்டேன்.

லேப் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கேபினில் பேசியது வெளியே கேட்டிருக்கிறது.

"எம்மா, எனக்கோசரம் நீ பொய்க் கையெழுத்துப் போடாத. நான் எதுனா பண்ணிப் பொழச்சிக்கறேன். அந்தக் கல்லு வெளுத்துப் போனா நம்ம மஞ்சாவத்தான் காறித் துப்புவானுங்க."

நம்ம மஞ்சா என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

4. ஒரு போன்

முதலில் டேங்க்கிலிருந்து ஒரு குவளை பச்சைக் கலவையை எடுத்து, கழுவி, உலர்த்தி, லேபிலிருந்த சின்ன ஃபர்னேஸில் எழுநூறு டிகிரியில் வைத்தேன். மஞ்சளோ கறுப்போ, இரும்பு ஆக்ஸைடைக் காற்றில் நன்றாகச் சுட்டால் சிவப்பாகத்தான் மாறும். புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும் என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

அது வேகிற நேரத்தில் டைல் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீஸருக்கு போன் செய்தேன். சுந்தர் என்று பெயர். கறார்ப் பேர்வழி. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மேடம், இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? சமாளிச்சு அனுப்பறவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன்."

"சமாளிச்சு அனுப்பினா நீங்க பாஸ் பண்ணிடுவீங்க சார், கல்லு வெளுத்தப்புறம்தான் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

மறுமுனையில் டைரியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இருக்கற பாதியை அனுப்புங்க. மீதிக்கு பத்து நாள் டைம். பதினொண்ணாவது நாள் நான் வேற ஆளைப் பார்த்துடுவேன்."

ஃபர்னேஸைத் திறந்தபோது கிண்ணத்தில் குங்குமச் சிவப்பு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போய் மேஜை மேல் வைத்தேன்.

"சார், கெட்டுப்போன டேங்க் மொத்தத்தையும் கில்ன்ல சுட்டு ரெட் ஆக்ஸைடா வித்துடலாம். டைல் கம்பெனி மீதி மஞ்சளுக்கு பத்து நாள் குடுத்திருக்காங்க."

"என்னைக் கேக்காத போன் பண்ணியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

அவர் முகம் அந்தக் கிண்ணத்துக்குப் போட்டியாகச் சிவந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குத் தைரியம் போயிருக்கும்.

"எல்லா மெஷினுக்கும் லீவுன்னு சொன்னது நீங்க. புளோயரைத் தவிரன்னு சொல்லாம விட்டது நான். ஏழுமலை அண்ணன் சொன்னதைச் செஞ்சவர். யாரையாவது அனுப்பணும்னா என்னை முதல்ல அனுப்புங்க சார்."

முதலாளி சிவப்பை விரல் நுனியில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அவருக்கும் நிறம் தெரியும். தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்.

"நல்ல செவப்புதான்" என்றார். பிறகு, "பத்தாம் நாளு மஞ்சா வர்லன்னா, ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வூட்டுக்குப் போங்க" என்றார்.

5. பத்து நாள்

பச்சையையெல்லாம் கில்னுக்கு அனுப்பி, டேங்க்கைக் கழுவி, புது சீட் எடுத்தோம். அன்றைக்கு ஏழுமலை அண்ணனை உட்கார வைத்து, காற்று, அமிலம், இரும்பு என்று அந்தச் சுற்றை முழுவதும் சொன்னேன். காற்று நின்றால் ஏன் பச்சை வருகிறது என்பதையும் சொன்னேன். பத்து வருடமாக அந்த டேங்க்கை ஓட்டியவர். இதைத் திற, அதை மூடு, இப்படி ஆனால் கூப்பிடு என்று சொல்லியிருந்தோமே தவிர, ஏன் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இத மொதல்லயே சொல்லிக்கீறியா நீ? சொல்லியிருந்தா மாலையக் கழட்டி வெச்சிட்டு ஓட்டியிருப்பேனே."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அந்த ஏழு நாளும் அவர் டேங்க்கை விட்டு நகரவில்லை என்றே சொல்லலாம். சாப்பாடு படியில்தான். ஐந்தாம் நாள் பகலில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகாமல் பேஜார் பண்ணியது. மற்றவர்கள் ஃபிட்டரைத் தேடி ஓடினார்கள். அவர் மட்டும் நேராக ஸ்டீம் வால்வை மூடினார். சூடு குறைந்தால் இரும்பு அமிலத்தைத் தின்கிற வேகமும் குறையும் என்று அவராகவே யோசித்துச் செய்தது அது. அதை நான் சொல்லித் தரவில்லை. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் காற்றை விட்டு, பிஎச் என்ன என்று என்னைக் கேட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டீமைத் திறந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளாமல், "ம், சரிதான்" என்றேன்.

பத்தாம் நாள் காலையில் காய்ந்த தூளை வெள்ளை நிறமியோடு அரைத்து, கார்டில் பூச்சாக இழுத்து, ஒப்பிட வைத்திருந்த ஸ்டாண்டர்டு மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்து, வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் கோடு தெரியவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். அதிலும் தெரியவில்லை. முதலாளி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். லாரிக்கு போன் போட வெளியே போனார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வால்வை ஓட்டுகிறவரிடம் எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னால் பாதி வேலைதான் முடிந்தது. ஏன் என்பதையும் சொல்லுங்கள். அது தெரிந்தவர், நீங்கள் இல்லாத நேரத்திலும் சரியானதைச் செய்வார். அது தெரியாதவர் தவறு செய்தால், அதில் உங்கள் பங்கும் உண்டு.

அன்றைக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் சோதித்தவர் என்ற இடத்துக்கு மேலே இன்னொரு கோடு போட்டு, தயாரித்தவர் என்று எழுதினேன். ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டு பேனாவை நீட்டினேன். "எனக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்?" என்று கையைப் பேன்ட்டில் துடைத்தார். பேன்ட்டும் மஞ்சள், கையும் மஞ்சள். பெயரை முழுசாகத் தமிழில் எழுதினார். காகிதத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் பதிந்துவிட்டது.

சரக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் சுந்தர் போன் செய்தார். "ஷேட் ஓகே மேடம். ரிப்போர்ட்ல மஞ்சளா ஒரு கைரேகை இருக்கு, ஏழுமலைன்னு ஒரு கையெழுத்தும் இருக்கு. யார் அவரு?"

"அந்த மஞ்சளைச் செஞ்சவர் சார்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியிலிருந்து வெளியே போன ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் டேங்க் ஓட்டியவரின் கையெழுத்து முதலில் இருக்கும், என்னுடையது அதற்குக் கீழே இருக்கும். நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்த வரிசையை யாரையும் மாற்ற விடவில்லை.