நின்றுபோன ஒன்பது செடிகள்

அவள் கையில் இரண்டு ஊசிகள் இருந்தன. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, சமையல் கடுகில் முளைத்த, விரல் நகம் அளவே இருந்த ஒரு நாற்றின் இலைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இடது கை ஊசி செடியைப் பிடித்திருந்தது. வலது கை ஊசி நடுங்கியது. நடுங்கும்போது நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்கினாள். அவள் வீட்டில் நர்ஸ் வேலைக்குச் சேர வந்த நான் கதவருகே நின்று அந்த வலது கையைத்தான் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. நரம்பு நோயாளிகளோடு முப்பது வருடம் கழித்தவள் நான். இன்னும் இரண்டு வருடம் இருப்பாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்றரைதான் கிடைத்தது.

"உட்காருங்கக்கா," என்றாள், தலை நிமிராமல். "இன்னும் ரெண்டு இலை இருக்கு. அப்புறம் நுனி தெரியும்."

"தெரிஞ்சா?"

"பார்ப்பேன். அவ்வளவுதான் என் வேலை."

என்னைவிடப் பதினொரு வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு நுனியம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடம் செடிகளின் நுனியை மட்டுமே பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவியை இழந்த அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தாள். அவர் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்துதான் பேசுவார் என்று நினைத்தேன், அப்படி இல்லை.

நுனியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் அவளுக்குத் தலை வாரும்போது கேட்டேன்.

"செடியோட உச்சியில கொஞ்சம் செல் இருக்குக்கா. ஸ்டெம் செல்னு சொல்வாங்க. அது இலையும் ஆகாது, தண்டும் ஆகாது, பூவும் ஆகாது. ரெண்டாப் பிரியும். ஒண்ணு இலையாகப் போயிடும், இன்னொண்ணு அங்கேயே தங்கிடும். அது தங்குற வரைக்கும் செடி வளரும்."

"வேலைவெட்டிக்குப் போகாம வீட்டோட கிடக்கிற பிள்ளை மாதிரி," என்றார் அண்ணன், பேப்பரைத் தாழ்த்தாமல்.

"ஆமாண்ணா. அந்தப் பிள்ளை கிளம்பிட்டா வீடே நின்னுடும்."

அவள் கண்டுபிடித்த செடி அப்படி நின்றுபோகிற செடி. கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு களை, காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். அதில் ஒரு வகையில், நுனியிலிருக்கும் செல்கள் எல்லாமே இலையாகப் போய்விடும், ஒன்றுகூடத் தங்காது. இரண்டு மூன்று இலை விட்டு, பச்சையாகவே அப்படியே நின்றுவிடும். அது ஏன் தங்குவதில்லை என்பதுதான் அவளுடைய இருபத்திரண்டு வருடம். பாதி தெரிந்தது. மீதியைப் பார்க்க, அவளிடம் படித்து இப்போது வேறு ஊரில் சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்தும் ஒரு பெண் தயாராக இருந்தாள். உருண்டை முகம் என்பதால் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு வேண்டியது விதை.

விதைதான் இல்லை. நுனியம்மா நோயால் வேலையை விட்ட வருடம் நிலையத்தின் குளிர் அறை பழுதாகி, உள்ளே ஈரம் ஏறி, அவளுடைய விதைகள் எல்லாம் முளைக்காமல் போய்விட்டன. மிச்சம் இருந்தது அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் என்றோ செருகி மறந்த ஒரு காகித உறை. அதில் நாற்பத்து மூன்று விதைகள், ஒன்பது வருடப் பழசு.

"அப்படியே தபால்ல போட்டுடுங்க," என்றேன்.

"பழைய விதைதானேக்கா. எத்தனை முளைக்குமோ. முதல்ல பெருக்கிட்டு அனுப்பறேன்."

அது உண்மை. தன் வீட்டில், தன் கண்ணால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. அதை அவள் சொல்லவில்லை.

பின்னறையில் அலமாரியும் குழல் விளக்குகளும் வைத்தோம். அண்ணன் ஆணி அடித்தார், இரண்டு அடி தன் விரல்மேலேயே போட்டுக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல நான் விதைத்தேன். அதற்குள் அவள் கை ஊசி பிடிக்கும் நிலையில் இல்லை, பேச்சும் குழற ஆரம்பித்திருந்தது. முப்பத்து மூன்று முளைத்தன. மூன்றாம் வாரம் ஒன்பது நின்றுவிட்டன. மற்றவை தட்டு நிறைய நெருக்கியடித்து வளர்ந்தன. அண்ணன் அவற்றில் ஒன்றைத் தன் பழைய காபிக் கோப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உன் ஆராய்ச்சிக்கு ஒத்துவராத செடி ஒண்ணு என் மேஜைல இருக்கட்டும். எனக்கும் ஒரு துணை."

அந்த வாரம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பகலில் நான் அங்கே, மாலையில் வீட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணீர். நின்ற செடிதான் முக்கியம் என்று அவள் நூறு தடவை சொல்லியிருந்தாள். படுத்திருப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், நடப்பவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார், என் தொழிலில் அதுதான் பழக்கம். ஒன்பதையும் தனித்தனிச் சின்னத் தொட்டியில் மாற்றி விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். இடம் போதவில்லை. நன்றாக வளர்ந்திருந்த தட்டைத் தூக்கிக் குப்பையில் கொட்டினேன். மறுநாள் குப்பை வண்டி எடுத்துப்போனது.

வீடு திரும்பியவள் சக்கர நாற்காலியிலிருந்து அலமாரியைப் பார்த்தாள்.

"மத்தது?"

சொன்னேன். அவள் நின்ற ஒன்பதையும் ஒரு தடவை எண்ணினாள். பிறகு குழறிக் குழறி விளக்கினாள். நின்ற செடி பூக்காது, விதை தராது. அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் குறை வந்தால்தான் செடி நிற்கும். ஒரு வழியில் மட்டும் வந்தது நன்றாக வளரும், ஆனால் குறையை உள்ளே வைத்திருக்கும். அந்த வம்சத்தைக் காப்பாற்றி வருவது நன்றாக இருக்கும் கூடப்பிறந்தவைதான். அவள் ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் வருகிறவர்களுக்கே இது தெரியும், யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள், "கோப்பை," என்றாள்.

அண்ணன் ஓடிப்போய் எடுத்துவந்தார். செடி இருந்தது, ஒரு பக்கம் காபிக் கறையோடு. நல்ல செடிகளில் மூன்றுக்கு இரண்டு குறையைச் சுமக்கும் என்றாள். மோசமில்லை. நான் பார்த்த ஆபரேஷன்கள் பல அதைவிடக் குறைந்த நம்பிக்கையில் நடந்தவை.

இரண்டு மாதம் அந்தக் கோப்பையை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டோம். அது தானாகவே பூத்தது, தானாகவே காய்த்தது. விதை சிதறாமல் காகிதப் பை கட்டினேன். அதற்குள் அவள் பேச்சு முழுதாக நின்றுவிட்டது. அண்ணன் ஒரு அட்டை செய்தார். மேலே மெய்யெழுத்துகள், கீழே உயிரெழுத்துகள். முதலில் மேலே ஒரு பார்வை, பிறகு கீழே ஒரு பார்வை, ஒரு எழுத்து. கோடுகள் எல்லாம் நில வரைபடம் போல நேராக இருந்தன.

பட்டாணிக்கு ஏதும் அனுப்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். அறுபது விதையை விதைத்து, ஒரே சமயத்தில் முளைக்க அவள் சொன்னபடி மூன்று நாள் ஃபிரிஜ்ஜில் பால் பாக்கெட் பக்கத்தில் வைத்து எடுத்தேன். ஐம்பத்தெட்டு முளைத்தன. கோப்பைச் செடி குறையைச் சுமந்திருந்தால் நாலில் ஒன்று, அதாவது பதினான்கு, பதினைந்து நிற்க வேண்டும்.

மூன்றாம் வாரம் லென்ஸ் வைத்து எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். ஐம்பத்தெட்டும் நான்கு, ஐந்து இலையோடு துளிர்விட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

அண்ணன் என்னைச் சமையலறைக்கு அழைத்தார். "பத்துப் பதினஞ்சு நின்னுடுச்சுன்னு சொல்லிடுங்க சிஸ்டர். அவ எழுந்து வந்தா பார்க்கப் போறா?"

"சார், ஊசி வலிக்காதுன்னு ஆயிரம் பேர்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். சார்ட்ல எழுதறதை மாத்தினதில்ல."

"இதென்ன சார்ட்டா?"

"அவங்களுக்கு இதுதான் சார்ட்."

தட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோய் அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். வரிசை வரிசையாகப் பார்த்தாள். நேரமாயிற்று, என் தோள் வலித்தது, நான் அசையவில்லை. கடைசி வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள்.

எ-ழு-து.

அவளுடைய நோட்டை எடுத்தேன். தேதி, எண், விதைத்தது அறுபது, முளைத்தது ஐம்பத்தெட்டு, நின்றது இல்லை. இந்த வகை இதோடு முடிந்தது. அதற்கப்புறம், எ-ன் த-ப்-பு. சொல்லாதது அவள் தப்பு என்று எழுதச் சொல்கிறாள்.

"அதை எழுத மாட்டேன்," என்றேன். "கொட்டினது நான்."

அ-க்-கா எ-ழு-து.

"நர்ஸ் கொட்டினாங்கன்னு எழுதறேன், சம்மதமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இல்லை என்பதற்கு அவள் வழி அது. அண்ணன் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, "கோப்பைக்குத் தப்பான செடியை எடுத்தது அண்ணன்," என்று எழுதினார். எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அந்த வரி நோட்டில் இன்னும் இருக்கிறது.

அன்று மாலை கஞ்சி கொடுக்கும் குழாயைக் கழுவும்போது அவள் மறுபடி அட்டையைப் பார்த்தாள். கா-ய்-ஞ்-ச-து எங்கே என்று கேட்டாள். நின்ற ஒன்பதும் எப்போதோ மஞ்சளாகிக் காய்ந்திருந்தன. தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை, அதே கண்ணாடிக் கூட்டில்தான் வைத்திருந்தேன். காட்டினேன். ப-ட்-டா-ணி என்றாள். காய்ந்த இலையிலிருந்து அந்தக் குறை டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் இருக்கிறது என்று படித்துவிடலாமாம். உயிரோடு மறுபடி யாரும் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது.

அதன்பின் ஐந்து வாரம் இருந்தாள்.

காய்ந்ததை அவள் கேட்ட மறுநாள் காலையே ஒன்பதையும் ஒன்பது உறையில் போட்டு, நோட்டில் இருந்த எண்ணை ஒவ்வொன்றிலும் எழுதினேன். அண்ணன் கூரியர் ஆபீசுக்கு எடுத்துப்போனார். அவள் தலையைக் கழுவித் துவட்டிவிட்டு, ஐம்பத்தெட்டுச் செடி இருந்த தட்டை என்ன செய்வது என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே வைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.